திருப்பிச் சொன்னால்

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறுகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கிளி. நேரில் கூப்பிடும்போது கிளியண்ணே. மூக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய மூக்கு சப்பைதான். லிஃப்டுக்குள் வந்து ஒருவர் "மூணு" என்றால் அவரும் "மூணு" என்பார். இன்னொருவர் "ஆறு" என்றால் "ஆறு" என்பார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்காது, கிண்டலாகவும் இருக்காது. கொடுத்ததைக் கையில் வாங்கிக்கொண்டேன் என்கிற மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டடத்து மேற்பார்வையாளர் கற்றுக்கொடுத்தது அது. "இந்த மெஷின் போடற சத்தத்துல ஒண்ணுன்னா உனக்கு ரெண்டுன்னு கேக்கும். சொன்னதத் திருப்பிச் சொல்லு. தப்பாக் கேட்டிருந்தா அவங்களே திருத்துவாங்க. திருத்தலைன்னா தப்பு அவங்களோடது." அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வாழ்க்கையை ஓட்ட அதைவிடச் சௌகரியமான வழி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பழைய லிஃப்ட். பொத்தான் கிடையாது. இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு, சுவரோரம் ஒரு பித்தளைக் கைப்பிடி. ஒரு பக்கம் தள்ளினால் மேலே போகும், மறுபக்கம் தள்ளினால் கீழே, நடுவில் கொண்டுவந்தால் நிற்கும். தரைக்குச் சரிமட்டமாக நிறுத்துவது கைப்பழக்கம். மூலையில் ஒரு ஸ்டூல் இருந்தது. ஆள் இருக்கும்போது அதில் உட்காரக்கூடாது என்பது விதி. ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று மதியத்துக்கு மேல்தான் வாய்க்கும்.

கைப்பிடியை விட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம், பழக்கத்தை விட்டுவிட்டு வர முடியுமா?

"சோப்பு தீந்துபோச்சுங்க" என்பாள் மனைவி.

"தீந்துபோச்சு."

"வாங்கிட்டு வரணும்."

"வாங்கிட்டு வரணும்."

"யாரு?"

அவர் சோப்பு டப்பாவைத் திறந்து பார்ப்பார். மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு, யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசுவாள். "கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துப் பேசினாலும் இதே பதில்தான் வரும். கிணறாவது தண்ணி குடுக்கும்."

அவர் மட்டமானவர் இல்லை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். கை நீட்டியதில்லை. மகளுக்கு ஜுரம் என்றால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு நடப்பார். அவரிடம் இல்லாதது, சொந்தமாக ஒரு வார்த்தை. அது ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. அவரும் யோசித்ததில்லை. நாள் முழுக்க அடுத்தவர் சொன்ன எண்களைச் சொல்லிவிட்டு வருகிற ஆளுக்கு, வாயைத் திறந்தால் வேலை செய்கிற ஞாபகம் வருமோ என்னவோ.

ஆனால் பேச்சின்மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை இருந்தது. அடுத்தவர்கள் பேசுகிற பேச்சின்மேல். லிஃப்டில் நிற்பவர்கள் கதவு சாத்தியதும் பேச ஆரம்பிப்பார்கள், ஏதோ கிளிக்கு மனிதக் காது இல்லை என்பதுபோல. "கேட்டேன். நேராவே கேட்டேன். 'அந்தப் பொண்ணு யாரு'ன்னு. அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா..." கதவு திறக்கும். நாலாவது மாடி. பேசியவளும் கேட்டவளும் இறங்கிப் போய்விடுவார்கள். அவர் என்ன சொன்னார்? சாயங்காலம் அதே இரண்டு பெண்கள் இறங்கும்போது புடவை விலையைப் பற்றிப் பேசுவார்கள். பங்காளிகளின் வழக்கு, வேலை போகப்போகிறவனின் சமாளிப்பு, கல்யாணத்துக்குச் சம்மதிக்காத அப்பா, எல்லாம் தரைத்தளத்தில் ஆரம்பித்து ஏதோ ஒரு மாடியில் அறுந்துபோகும். அவர் காதில் நூற்றுக்கணக்கான ஆரம்பங்கள் இருந்தன. முடிவு ஒன்றுகூட இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கப்பல் புத்தகம் வந்து சேர்ந்தது.

அவசரமாக ஏறிய ஒருவர் ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு மறந்துபோன புத்தகம். அட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல், அதன் பின்னால் நெருப்பு. சொந்தக்காரர் வருவார் என்று கைப்பிடிக்கு மேலிருந்த பலகையில் சில வாரம் வைத்திருந்தார். யாரும் கேட்டு வரவில்லை. ஒரு மதியம் ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் பிரித்தார். அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"இடது பத்து."

"இடது பத்து, ஐயா."

"வேகத்தைப் பாதியாக்கு."

"பாதி வேகம், ஐயா."

"மூடுபனிக்குள் இன்னொரு கப்பல் இருக்கிறது."

"தெரிகிறதா, ஐயா?"

"தெரியவில்லை. அதனால்தான் இருக்கிறது என்கிறேன்."

அவர் நிமிர்ந்து, லிஃப்டுக்கு வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். எங்கோ ஒரு கடலில், பனிக்குள், சுக்கான் பிடித்துக்கொண்டு ஒருவன் அவருடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே மாதிரி. சொன்னதைத் திருப்பிச் சொல்லி.

முதலிலிருந்து படித்தார். கதை பெரிய விஷயமில்லை. சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போகிற ஒரு போர்க்கப்பல், கண்ணிவெடி மிதக்கும் கடல், உள்ளேயே ஒரு துரோகி. துரோகி யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். எழுதியவர் கடலை வர்ணிக்கவே இல்லை. சூரியன் மறைந்தது, அலை எழுந்தது என்று ஒரு பத்திகூடக் கிடையாது. பக்கம் பக்கமாகப் பேச்சு. கேப்டன் சொல்கிறார், சுக்கான்காரன் பதில் சொல்கிறான், அடியில் இயந்திர அறையிலிருந்து குழாய் வழியாக ஒருவன் கத்துகிறான், சமையல்காரன் எல்லோரையும் திட்டுகிறான். அவர்கள் குரல் தாழ்ந்தால் ஆபத்து பக்கத்தில் என்று அர்த்தம். யாராவது ஜோக் அடித்தால் அடுத்த பக்கத்தில் குண்டு விழப்போகிறது.

மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மனைவியின் தம்பி, கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவர். வாயும் அதே கூர்மை.

"என்ன அத்தான் இது, ஒரே தொணதொணப்பா இருக்கு. கடல் எங்க?"

"பேச்சுலயே இருக்கு."

"பேச்சுல கடலா? அப்ப எங்கக்கா வாயில மூணு கடல் இருக்கே."

அவருக்கு விளக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார்: கப்பலில் யாரும் பாதிப் பேச்சில் இறங்கிப் போக முடியாது. கதவு திறந்தாலும் வெளியே தண்ணீர்தான். ஆரம்பித்ததைப் பேசித்தான் தீர வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தே ஆக வேண்டும், அடுத்த பக்கத்திலாவது. அதிலும் அங்கே வார்த்தை சும்மா காற்றில் போவதில்லை. ஒருவர் "இடது பத்து" என்றால் அத்தனை பெரிய இரும்பு இடது பக்கம் திரும்புகிறது.

வீட்டில் மனைவி தைத்துக்கொண்டிருக்கும்போது அவர் வாய்விட்டுப் படிப்பது வழக்கமாயிற்று. சில நாளில் அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்துக் குறுக்கே புகுந்தாள். "கேப்டன் நான். நீங்க எப்பவும்போலத் திருப்பிச் சொல்லுங்க." ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே அவள் கப்பலை ஓட்டினாள். கேப்டன் கம்பீரமானவர் என்று புத்தகத்தில் இருந்தது. அவள் வாயில் அவர் கடன்காரனைத் துரத்துகிற மளிகைக்கடைக்காரர்போல ஆனார். மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் காதைப் பொத்திக்கொள்வாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா மூழ்குங்களேன். நாளைக்கு எனக்குப் பரீட்சை."

புத்தகத்தின் கடைசிப் பகுதியில் அந்த இடம் வந்தது. கேப்டன் பல நாளாகத் தூங்கவில்லை. ஒரு வெளிச்சத்தைப் பார்த்துத் துறைமுகம் என்று நினைத்துவிடுகிறார். அது பாறை என்று சுக்கான்காரனுக்குத் தெரியும்.

"வலது முப்பது."

பதில் இல்லை.

"வலது முப்பது என்றேன். காதில் விழுந்ததா?"

"விழுந்தது, ஐயா."

"அப்படியானால் திருப்பிச் சொல்."

"திருப்பிச் சொன்னால் கப்பலையும் திருப்ப வேண்டியிருக்கும், ஐயா. அது பாறை."

மனைவி அதட்டிக்கொண்டே கேப்டனைப் படித்து முடித்தாள். கடைசி வரியை அவர்தான் சொல்ல வேண்டும். தாழ்ந்த குரலில் சொன்னார். மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு. இப்படி ஒரு நாள் எங்கிட்ட சொல்லுங்களேன், பாப்போம்."

"எப்படி?"

"மாட்டேன்னு."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் பிறகு கொஞ்ச நேரம் மிஷின் ஓடவில்லை.

அந்தப் பக்கம் நாளடைவில் அழுக்கேறித் தனியாகத் தெரிய ஆரம்பித்தது. புத்தகத்தைக் கீழே வைத்தால் தானாக அங்கேதான் பிரியும்.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் மனைவிக்கு மூட்டுவலி முற்றி, மிஷினை மிதிக்க முடியாமல் போனது. வீட்டில் கையைக் கடித்தது. மச்சான் ஒரு வேலை சொன்னார். அவர் கண்ணாடி போட்டுக்கொடுத்த ஒரு பெரிய பாத்திரக் கடையில் பில் போட ஆள் தேடுகிறார்களாம். "பொண்ணு கெட்டிக்காரி. உடனே எடுத்துக்குவாங்க." அதைப் பற்றி வீட்டில் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. மச்சான் சொன்னார், மனைவி அழுதாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மதியம் மகள் அவர் வேலை செய்கிற கட்டடத்துக்கு வந்தாள். அதற்கு முன் வந்ததே இல்லை. கல்லூரிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறி நின்றாள். வேறு யாரும் இல்லை.

"எத்தனாவது மாடி?" என்றார், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"அஞ்சு."

"அஞ்சு."

கம்பிக் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் தள்ளினார். முதல் மாடி கீழே போனது.

"காலேஜ நிறுத்திடறேன்பா."

"நிறுத்திடறே."

"மாமா சொன்ன வேலைக்குப் போறேன்."

"வேலைக்குப் போறே."

அவள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது மாடி கடந்தது. நான்காவது. கைப்பிடியின் பித்தளை அவர் உள்ளங்கையில் வியர்த்தது. தொண்டைக்குள் ஏதோ இருந்தது. ஆனால் அது எண்ணாகவும் இல்லை, யாரும் சொன்னதாகவும் இல்லை, அதனால் அதை எப்படி வெளியே எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாவது மாடியில் லிஃப்ட் தரைக்குச் சரிமட்டமாக நின்றது. கதவுக்கு வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு மகள் இறங்கினாள். ஐந்தாவது மாடியில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. படிக்கட்டில் நடந்து கீழே வந்து தெருவுக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வாழ்க்கை பெரிதாக எந்தக் கோபமும் காட்டவில்லை. மகள் பில் போட்டாள், பிறகு கணக்குப் பார்த்தாள், பிறகு ஒரு மாடி முழுவதற்கும் பொறுப்பானாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் சண்டைகூடப் போடாமல் பிரிந்தார்கள். "சண்டை போட்டிருந்தா ஒருவேள ஒட்டியிருக்கும்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்தக் கட்டடத்தில் பொத்தான் வைத்த புது லிஃப்ட் வந்தது. அதற்கு ஆள் வேண்டாம். ஓய்வு பெறும்வரை அவரை வாசலில் உட்கார வைத்தார்கள். ஒரு மழைக்காலத்தில் மனைவி நிமோனியாவில் போனாள். அதன் பிறகு கேப்டன் வரிகளையும் அவரே படித்துக்கொண்டார், வாய்க்குள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் குளியலறை வாசலில் உட்கார்ந்து தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பின்னந்தலை தெரிவதற்காக அவர் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றார். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"படிப்ப விட்டுட்டு வந்திருக்கு. நான் கேட்டேன், 'வீட்ல ஒண்ணும் சொல்லலையா'ன்னு. 'எங்கப்பா செருப்பத் தூக்கிட்டு வந்தார் மேடம், அப்பவும் கேக்காம வந்துட்டேன்'ன்னு சொல்லுது." சிரித்தாள். "எனக்குப் பொறாமையா இருந்துச்சுப்பா."

"பொறாமையா இருந்துச்சு."

"ஆமா. நான் அன்னைக்கு உங்க லிஃப்டுக்கு எதுக்கு வந்தேன்னு நெனைக்கறீங்க? நீங்க 'வேணாம்'னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு. அஞ்சாவது மாடி வரைக்கும் பாத்தேன். கொஞ்சம் இடது பக்கமாப் பிடிங்க, தெரியல."

அவர் கண்ணாடியை இடது பக்கம் நகர்த்தினார். அவள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது ஆறிப்போன விஷயம், அதனால்தான் அவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது. அவருக்கு அன்றைக்குத்தான் சுட்டது.

அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கத்தைப் படித்த விதம் மாறியது. முன்பு சுக்கான்காரன் தைரியசாலி என்று மட்டும் தோன்றும். இப்போது அந்த இடத்துக்கு வந்தால், பாறையில் மோதிய கப்பல் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. 'பதில் இல்லை' என்ற இரண்டு வார்த்தை வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் செய்திருக்க வேண்டும். திருப்பிச் சொல்லாமல் இருந்திருந்தால் போதும்.

இன்னொரு சந்தர்ப்பம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வந்தது.

பாத்திரக் கடை வேறொரு நகரத்தில் கிளை திறக்கப்போகிறது. முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று முதலாளி மகளைக் கேட்டிருந்தார். அதைச் சொல்லும்போது அவள் முகம் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றைக்கு இருந்ததுபோல இருந்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது அந்த முகம் இல்லை.

"நான் போகலப்பா" என்றாள், தண்ணீர்ச் சத்தத்தினூடே. "உங்களத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது. சொல்லிடப் போறேன்."

'போகல' என்ற சொல் பழக்கத்தில் அவர் நாக்கு நுனிவரை வந்தது. உதட்டை மூடிக்கொண்டார்.

பதில் இல்லை.

இதோ, சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அவள் திரும்பிப் பார்ப்பாள். திருப்பிச் சொல்லுங்க என்பாள். அப்போது சொல்லிவிடலாம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "காதுல விழுந்துச்சாப்பா?"

அவர் அசையாமல் அவளையே பார்த்தார். அவள் குழாயை மூடினாள். "நான் போகலன்னு சொன்னேன்" என்றாள், குரலை உயர்த்தி. அவர் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கத்தோடு உள்ளே போனாள்.

மறுநாளும் அவர் பிடியைத் தளர்த்தவில்லை. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் திருப்பிச் சொன்னால் வித்தியாசம் தெரியாமல் போய்விடும் என்று எண்ணி எதையுமே திருப்பிச் சொல்லவில்லை. "மாத்திர போட்டீங்களா?" தலையசைப்பு. "கரண்ட் போயிடுச்சு." ஒன்றுமில்லை. "வெளியில மழ வருது." ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்க எதிரொலித்த மனிதர் திடீரென்று எதிரொலிக்காமல் போனால் வீட்டிலிருப்பவருக்கு என்ன தோன்றும்? அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மகள் ஒரு டம்ளரைக் கீழே போட்டுப் பார்த்தாள். அவர் திடுக்கிட்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மாமாவுக்குப் போன் போட்டாள். "அப்பாவுக்குக் காது போயிடுச்சு போல மாமா."

மச்சானின் குரல் போனைத் தாண்டி அறைக்குள் கேட்டது. "போகட்டும் விடு. கேட்டு மட்டும் என்ன கிழிச்சார்? சொன்னதையேதான திருப்பிச் சொன்னார்." பிறகு குரல் மாறியது. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா. இந்த வயசுல தனியா இருந்தா வண்டி சத்தம்கூடக் கேக்காது."

"ஆமா மாமா" என்றாள் மகள். "ஆமா."

காது பார்க்கும் இடம் ஒரு உயரமான கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது. கனத்த சுவர் வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதுகளுக்கு மேல் கருவியை மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மகள், கைப்பையைப் பிடித்துக்கொண்டு.

"ஐயா, நான் சொல்ற வார்த்தைய அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்றது காதுக்குள் குரல். "கதவு."

அவர் பேசவில்லை. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டினாள். "கதவு." மகளின் முகம் வாடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மைக்கில் பேசுகிற இவள் கேப்டன் இல்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கதவு என்று சொல்வதால் யாருடைய வாழ்க்கையும் எந்தப் பக்கமும் திரும்பப்போவதில்லை.

"கதவு" என்றார்.

"பால்."

"பால்."

"சிங்கம்." "சிங்கம்." "கூடை." "கூடை." குரல் மெலிந்துகொண்டே போனது. கொசு முனகுவதுபோல ஆன பிறகும் அவர் ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து கருவியைக் கழற்றினாள். "என் காதவிட உங்க காது நல்லா இருக்கு ஐயா. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் மகளைப் பார்த்து.

மகள் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடியதும்தான் பேசினாள். இந்த லிஃப்டில் பொத்தான்கள். வேறு யாரும் இல்லை.

"வீட்ல நான் கத்தினதெல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பின்ன ஏன் வாயத் திறக்கல?"

"நீ போகலன்னு சொன்ன."

"ஆமா."

"அதத் திருப்பிச் சொன்னா நானும் ஒத்துக்கிட்டதா ஆயிடும். அதான் சொல்லல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இது எந்த ஊர் நியாயம்பா?"

"கப்பல்ல அப்படித்தான்."

"கப்பல்லயா?" அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அம்மாவும் நீங்களும் கத்திக்கிட்டு இருப்பீங்களே, அதுலயா?"

"அதுல கேப்டன் தப்பாச் சொல்லுவார். சுக்கான் பிடிக்கறவன் பதில் சொல்ல மாட்டான்."

"பதில் சொல்லாம?"

"கேப்டன் கேப்பார், 'திருப்பிச் சொல்'னு."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் சொல்லுவான். பாறைன்னு."

"அவன் சொல்றான்லப்பா" என்றாள் மகள்.

அவர் அந்தப் பக்கத்தை மனதுக்குள் பிரித்துப் பார்த்தார். ஆமாம். சொல்கிறான். 'விழுந்தது, ஐயா' என்கிறான். பாறை என்கிறான். இத்தனை வருடமும் 'பதில் இல்லை' என்ற வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருந்ததை அவர் படிக்காமலே படித்திருக்கிறார்.

"நான் அந்தப் புத்தகத்தப் படிச்சதே இல்லப்பா. நீங்க பேசாம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ கேப்பேன்னு நெனச்சேன்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"போன்னு."

அவள் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முந்தாநாள் வரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்தேன். போகலன்னு உங்ககிட்ட சொன்னேனே தவிர, முதலாளிகிட்ட சொல்ல வாய் வரல. உங்களுக்குக் காது போச்சுன்னதும்தான் போய்ச் சொன்னேன். தனியா விட முடியாது சார்னு. நேத்து வேற ஆளப் போட்டுட்டாங்க."

"போட்டுட்டாங்க" என்றது அவர் வாய். நிறுத்த முடியவில்லை.

தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது. வெளியே ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவரும், கட்டுப் போட்ட காலோடு ஒரு பெண்மணியும் நின்றிருந்தார்கள். மகள் இறங்கவில்லை. அவரும் இறங்கவில்லை.

"இறங்கலையா?" என்றார் குழந்தையோடு நின்றவர்.

"இல்ல, நாங்க மேல போறோம்" என்றாள் மகள். "நீங்க வாங்க."

அவர்கள் ஏறி இரண்டு என்ற பொத்தானை அமுக்கினார்கள். அவர் கை தானாக நீண்டு ஐந்தை அமுக்கியது. இரண்டாவது மாடியில் அவர்கள் இறங்கிப் போனார்கள். கதவு மூடியது. மூன்றாவது மாடி கீழே போனது.

"அன்னைக்கு" என்று ஆரம்பித்தார். செருமினார். "அன்னைக்கு வேணாம்னு சொல்லியிருக்கணும்."

பரவாயில்லைப்பா என்று அவள் சொல்வாள் என்று பார்த்தார். அவள் அதைச் சொல்லவில்லை. கைப்பையின் வாரை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள்.

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை.